தோடம்பழ வாசமும் மிளகுக் காரமும்: கஞ்சா வேப்பில் உள்ள தெர்பீன்கள் பற்றி அறிந்துகொள்வோம்

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 ஆம் திகதி முதல் வயது வந்தோர் கஞ்சா வைத்திருப்பதும் பாவிப்பதும் சட்டபூர்வமாக்கப்பட்டன. அதற்குச் சரியாக ஓராண்டின் பின்னர், கஞ்சாச் சாறு நிரப்பிய வேப் கருவிகளுக்கும் உணவுப் பண்டங்களுக்குமான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து நம்மவர் கடைகளுக்குச் செல்லும் வழியிலேயே கஞ்சாக் கடைகளையும் காண்கிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளில் பேனாவைப் போன்ற சிறு கருவிகள் அகப்படுவதாகவும், அவற்றில் கஞ்சா நாற்றம் இல்லாமல் பழவாசனையே வருவதாகவும் பெற்றோர் சிலர் கூறுகின்றனர். "இது இயற்கை மூலிகை வாசனைதான் அம்மா, தெர்பீன் என்று சொல்லுவார்கள், ஒன்றும் செய்யாது" என்பது பிள்ளைகள் சொல்லும் சமாதானம்.

தெர்பீன் என்றால் என்ன? அது சுவையை மட்டும் தருகிறதா, மயக்கத்தையும் மாற்றுகிறதா? இயற்கையானது என்பதால் அது பாதுகாப்பானதா? இந்த இதழின் நலவாழ்வுப் பகுதியில் இவற்றை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கஞ்சாவைப் பாவிக்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் விடயம் தெரியாமல் வெறுமனே "கூடாது" என்று சொல்லும் பெற்றோரின் பேச்சு இந்நாட்டில் வளரும் பிள்ளைகளிடம் எடுபடாது. ஆகவே நாம் அறிந்து பேசுவது அவசியம்.

நமது அடுக்களையிலேயே உள்ள பொருள்

தெர்பீன்கள் என்பவை தாவரங்கள் தாமே உண்டாக்கும் வாசனைச் சேர்மங்கள். ஐந்து காபன் அணுக்கள் கொண்ட சிறு கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து இவை உருவாகின்றன. அத்தகைய இரண்டு கூறுகள் சேர்ந்தால் பத்துக் காபன். மூன்று சேர்ந்தால் பதினைந்து. பத்துக் காபன் கொண்டவை எளிதில் ஆவியாகி மூக்கை உடனே எட்டும். பதினைந்து காபன் கொண்டவை சற்றுக் கனமானவை. அவை மெதுவாக ஆவியாகி, வாசனையின் அடித்தளமாக நின்று நீடிக்கும். வர்ணப்பூச்சைக் கரைக்கப் பயன்படும் ரேர்பன்ரைன் எண்ணெயின் பெயரிலிருந்தே தெர்பீன் என்ற பெயர் வந்தது. அந்த எண்ணெயும் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்படும் தெர்பீன் கலவைதான்.

பூச்சிகளை விரட்டவும், மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிரினங்களைக் கவரவும் தாவரங்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. நாமோ இவற்றைத் தினமும் சமைத்து உண்கிறோம். தோடம்பழத் தோலை நசுக்கும்போது தெறிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி லிமொனீன். மல்லி விதையின் மணத்துக்கு முக்கிய காரணம் லினலூல். லவண்டர் பூவிலும் இதுவே மணக்கிறது. மிளகிலும் கராம்பிலும் கரியோபிலீன் உண்டு. பைன் மரத்தின் வாசனை பைனீன். பியருக்குச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவிலும், எலுமிச்சைப் புல்லிலும், மாம்பழ வகைகள் பலவற்றிலும் மிர்சீன் இருக்கிறது.

கஞ்சாச் செடியின் பெண் பூக்களில் பிசின் சுரக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உள்ளன. மயக்கத்தைத் தரும் ரி.எச்.சி., மயக்கம் தராத சி.பி.டி. ஆகியவற்றோடு தெர்பீன்களும் அங்கேயே உருவாகின்றன. ரி.எச்.சி.யைத் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பை 1964 இல் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான மெக்குலாம், கவோனி ஆகியோர். ரி.எச்.சி.க்குத் தனியாக வாசனை ஏதும் இல்லை என்றே சொல்லலாம். கஞ்சாவின் மணம் பெரும்பாலும் தெர்பீன்களிலிருந்தும், மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்தும் வருகிறது.

வேப் கருவிக்குள் என்ன இருக்கிறது?

கஞ்சா வேப் கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று பற்றரி, மற்றது எண்ணெய் நிரப்பிய சிறு குப்பி. பற்றரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. எண்ணெய் எரியாமல் ஆவியாகிறது. அந்த ஆவியே உள்ளிழுக்கப்படுகிறது.

குப்பியில் உள்ள எண்ணெய் பலவகைப்படும். மலிவான பலவற்றில் உள்ளது வடித்தெடுத்த சாறு. கஞ்சாவிலிருந்து ரி.எச்.சி.யைப் பிரித்துச் சுத்திகரிக்கும் போது, எளிதில் ஆவியாகும் தெர்பீன்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. எஞ்சுவது தேனைப் போன்ற தடித்த, மணமற்ற திரவம். அது அப்படியே கம்பிச் சுருளுக்குள் ஊறாது. ஆகவே தெர்பீன்களைத் திரும்பவும் சேர்க்கிறார்கள். இதில் இரண்டு பயன்கள் உண்டு: சுவை கிடைக்கிறது, எண்ணெயும் இளகுகிறது.

திரும்பச் சேர்க்கப்படும் இந்தத் தெர்பீன்கள் கஞ்சாவிலிருந்து வந்தவையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தோடம்பழத் தோல், லவண்டர், பைன் போன்ற வேறு தாவரங்களிலிருந்து எடுத்தவற்றைக் கலந்து ஒரு குறிப்பிட்ட கஞ்சா வகையின் மணத்தைப் போல ஆக்குவதும் வழக்கம். பெட்டியில் "தாவரத் தெர்பீன்" என்ற பொருளில் எழுதியிருந்தால் அது இவ்வகை. விலை கூடிய சில வகைகளில், அறுவடை செய்த செடியை உலர்த்தாமல் உடனே உறையவைத்துச் சாறு எடுப்பார்கள். அவற்றில் செடியின் சொந்தத் தெர்பீன்கள் அதிகம் எஞ்சும்.

அளவையும் கவனிக்க வேண்டும். உலர்ந்த கஞ்சாப் பூவில் தெர்பீன்கள் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கும். வேப் எண்ணெயில் அது ஐந்து முதல் பத்துப் பங்கு வரை செல்வதுண்டு. ரி.எச்.சி.யும் அவ்வாறே. இன்று கடைகளில் விற்கும் பூவில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை என்றால், வேப் எண்ணெயில் 70 முதல் 90 வரை இருப்பது சாதாரணம். இதமான தோடம்பழச் சுவை நாக்கில் படும்போது, உள்ளே போவது பூவைவிடப் பல மடங்கு செறிவான மயக்கப் பொருள் என்பதை மறக்கலாகாது. புகையின் காரமும் இருமலும் ஒருவரைத் தானாகவே நிறுத்தச் செய்யும். இனிய சுவை அந்தத் தடையை எடுத்துவிடுகிறது.

வெப்பம் மாறினால் சுவையும் மாறும்

ஒவ்வொரு தெர்பீனும் வெவ்வேறு வெப்பநிலையில் கொதிக்கிறது. பைனீன் ஏறத்தாழ 156 பாகை செல்சியசில், மிர்சீன் 167 பாகையில், லிமொனீன் 176 பாகையில், லினலூல் 198 பாகையில் கொதிக்கும். கரியோபிலீனுக்கு 250 பாகைக்கும் மேல் வேண்டும். கொதிநிலைக்கு முன்பே ஓரளவு ஆவியாகும் என்றாலும், முதல் இழுப்பில் பழவாசனை தூக்கலாகவும், பின்னர் மரப்பட்டை, மிளகு போன்ற கனத்த சுவை மேலோங்கியும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இரசம் கொதிக்கும்போது கடைசியாகவே மல்லியிலையைத் தூவி இறக்குகிறோம் அல்லவா? முன்னரே போட்டால் மணம் பறந்துவிடும் என்பது நம் தாய்மாருக்குத் தெரியும். அதே விஞ்ஞானம்தான் இங்கும்.

ஆனால் வெப்பம் அளவுக்கு மீறினால் தெர்பீன்கள் ஆவியாவதோடு நில்லாமல் சிதைந்துபோகவும் தொடங்கும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாச் சாற்றில் உள்ள தெர்பீன்களை மிகக் கூடிய வெப்பத்தில் சூடாக்கியபோது மெதக்ரோலீன், பென்சீன் ஆகிய நச்சுப் பொருட்கள் உண்டாவதைக் கண்டனர். மெதக்ரோலீன் சுவாசப்பாதையை அரிக்கும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது நன்கு நிறுவப்பட்டது. எண்ணெய் தீர்ந்துபோகும் நிலையிலும், பற்றரியின் சூட்டை உச்சத்தில் வைக்கும்போதும் வரும் கருகிய சுவை இத்தகைய சிதைவின் அறிகுறி.

மயக்கத்தை மாற்றுகிறதா?

விளம்பரங்களும் விற்பனையாளர்களும் சொல்வது இதுதான்: மிர்சீன் தூக்கம் தரும், லிமொனீன் உற்சாகம் தரும், பைனீன் நினைவாற்றலைக் காக்கும், லினலூல் அமைதி தரும். பல தெர்பீன்கள் ரி.எச்.சி.யோடு கூடி அதன் விளைவை மாற்றுகின்றன என்ற கருத்தை "பரிவார விளைவு" என்று சொல்லலாம். அரசனோடு பரிவாரமும் சேர்ந்து வருவது போன்றது. மெக்குலாமும் அவரோடு பணியாற்றிய பென்-ஷபாத் முதலியோரும் 1998 இல் இப்பெயரை முன்வைத்தபோது, அது உடலில் இயற்கையாகச் சுரக்கும் பொருட்களைப் பற்றியதாகவே இருந்தது. 2011 இல் ஈதன் ருசோ என்ற மருத்துவர் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பின்னரே கஞ்சாத் தெர்பீன்களோடு இது பரவலாக இணைத்துப் பேசப்பட்டது.

இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் என்ன சொல்கின்றன?

முதலாவது, கரியோபிலீன். நமது உடலில் கஞ்சாப் பொருட்கள் பற்றிக்கொள்ளும் இரண்டு வகை ஏற்பிகள் உள்ளன. மூளையில் நிறைந்திருப்பது முதல் வகை, ரி.எச்.சி. மயக்கம் தருவது இதன் வழியாக. நோயெதிர்ப்புக் கலங்களில் அதிகம் இருப்பது இரண்டாம் வகை. மிளகிலும் உள்ள கரியோபிலீன் இந்த இரண்டாம் வகையோடு இணைகிறது என்று 2008 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினர். அதனால் அது மயக்கம் தருவதில்லை. எலிகளில் வீக்கத்தைக் குறைத்தது.

இரண்டாவது, 2019 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்த ஆய்வுகூடப் பரிசோதனை. பொதுவான ஆறு தெர்பீன்களைத் தனித்தும் சேர்த்தும் பரிசோதித்ததில், இந்த ஏற்பிகளில் ரி.எச்.சி. செயற்படும் விதத்தை அவை மாற்றவில்லை. மறுபுறம், 2021 இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தினர் எலிகளில் செய்த பரிசோதனையில் சில தெர்பீன்கள் கஞ்சாவை ஒத்த விளைவுகளைக் காட்டின. எலிக்குக் கொடுத்த அளவை ஒரு வேப் இழுப்போடு ஒப்பிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மனிதரில் செய்த பரிசோதனை. 2024 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள், உடல்நலமுள்ள 20 பேருக்கு ரி.எச்.சி.யையும் லிமொனீனையும் ஆவியாகக் கொடுத்துப் பார்த்தனர். ரி.எச்.சி.யை மட்டும் எடுத்தபோது ஏற்பட்ட பதற்றமும் பயமும், லிமொனீனைச் சேர்த்தபோது குறைந்தன. லிமொனீனின் அளவு கூடக் கூடப் பயனும் கூடியது. ஆனால் ரி.எச்.சி.யின் மற்றைய விளைவுகள் மாறவில்லை. தடுமாற்றம் தடுமாற்றமாகவே இருந்தது. அதாவது, பதற்றம் குறைந்து "நான் நன்றாக இருக்கிறேன்" என்று ஒருவருக்குத் தோன்றலாம். அவருடைய மூளையும் கைகால்களும் அப்படி இல்லை. வாகனம் ஓட்டுவோருக்கு இது மிகவும் ஆபத்தான நிலை.

"மிர்சீன் கூடியது தூங்கவைக்கும்", "மாம்பழம் சாப்பிட்டால் மயக்கம் கூடும்" என்பன போன்றவற்றுக்கு மனிதரில் செய்த நல்ல பரிசோதனைச் சான்று இல்லை. "சத்தீவா உற்சாகம், இந்திக்கா உறக்கம்" என்ற பிரிவும் அப்படித்தான். ஹலிபக்ஸ் நகரின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தினரும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் ஏறத்தாழ 300 கஞ்சா மாதிரிகளை ஆராய்ந்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். இவ்விரு பெயர்களும் செடியின் மரபணு உறவோடு பொருந்தவில்லை. ஒரு சில தெர்பீன்களின் அளவோடு மட்டுமே ஓரளவு பொருந்தின. பெயர் ஒட்டுபவர்கள் மணத்தை வைத்தே ஒட்டியிருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். நித்திரையின்மைக்கும் மனச்சோர்வுக்கும் பெட்டியின் பெயரைப் பார்த்து மருந்து தேடுவது பயனற்றது.

உண்ணத் தக்கதெல்லாம் உள்ளிழுக்கத் தக்கதல்ல

பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய முதன்மையான விடயம் இது. மிளகு, மல்லி, தோடம்பழத்தில் உள்ளது பாதுகாப்பானதுதானே என்று கேட்பது இயல்பு. உண்ணும் பொருளை வயிறும் ஈரலும் சோதித்து, உடைத்து, வடிகட்டியே இரத்தத்துக்கு அனுப்புகின்றன. நுரையீரலில் அத்தகைய காவல் இல்லை. மெல்லிய சவ்வைத் தாண்டினால் இரத்தம். மிளகு உணவில் நல்லது; மிளகுத்தூள் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததே.

இதற்கு இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்லலாம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த எட்டுப் பேருக்குக் கடுமையான நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது. வெண்ணெய்ச் சுவைக்காகச் சேர்த்த டயசற்றைல் என்ற பொருளின் ஆவியே காரணமாகக் காணப்பட்டது. உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட பொருள் அது.

இரண்டாவது, 2019 இல் அமெரிக்கா முழுவதும் பரவிய வேப் நுரையீரல் நோய். 2020 பெப்ரவரி நடுப்பகுதிவரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் ரி.எச்.சி. வேப் பாவித்தவர்கள், பலர் அவற்றைத் தெருவிலும் நண்பர்களிடமும் வாங்கியவர்கள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் திரவத்தை ஆராய்ந்தபோது 48 பேரில் விற்றமின் ஈ அசற்றேற் காணப்பட்டது. அது அங்கே எப்படி வந்தது? தெர்பீன் எண்ணெயை இளக்கும் என்று மேலே பார்த்தோம். எண்ணெய் நீர்த்திருந்தால் கலப்படம் என்று வாங்குபவர் கண்டுகொள்வார். எனவே கள்ளச்சந்தைக்காரர் எண்ணெயைக் கூட்டிக் காட்டவும் தடிப்பாக வைத்திருக்கவும் இதைக் கலந்தனர். தோலில் பூசும் களிம்புகளில் தீங்கின்றிப் பயன்படும் பொருள், நுரையீரலில் உயிரைக் குடித்தது.

கனடாவின் விதிகளின்படி உள்ளிழுக்கும் கஞ்சாச் சாற்றில் விற்றமின்கள், சர்க்கரை, இனிப்பூட்டிகள், நிக்கொற்றின் ஆகியவற்றைச் சேர்க்க முடியாது. ஒரு பொதியில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் ரி.எச்.சி. இருக்கக் கூடாது. சட்டபூர்வமான பொதியில் சிவப்பு நிறக் கஞ்சாச் சின்னமும் மாகாண வரி முத்திரையும் காணப்படும். இவை இல்லாத வேப் எதுவாயினும் அதில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயினும் சட்டபூர்வமானது என்பதற்குக் கலப்படமற்றது என்றே பொருள். தீங்கற்றது என்று பொருளல்ல. ஆண்டுக்கணக்கில் செறிந்த தெர்பீனை உள்ளிழுத்தவர்களின் நுரையீரல் எப்படியிருக்கும் என்று காட்டும் நீண்டகால ஆய்வுகள் இன்னும் வரவில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இளவயதில் தொடங்கி, அடிக்கடி, செறிவு கூடிய ரி.எச்.சி.யைப் பாவிப்போருக்கு மனப்பிறழ்வு நோய் வரும் ஆபத்து அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம்மவர் குடும்பங்களில் இத்தகைய நோய்களை மறைத்து வைப்பது வழக்கம். பிள்ளைகளின் நன்மைக்காகவேனும் இதை அவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

கருவுற்றிருக்கும் பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். ரி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டுவதால் இதய நோயாளருக்கு ஆகாது. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்களின் உடலில் ரி.எச்.சி.யும் சி.பி.டி.யும் அம்மருந்தின் அளவைக் கூட்டக் கூடும். மூட்டு வலிக்கென்று யாரோ கொடுத்ததைப் பெரியவர்கள் பாவித்தால் குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வாகனம் ஓட்டுவது பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆவியை இழுத்தால் விளைவு சில நிமிடங்களில் தொடங்கி ஆறு மணிநேரம்வரை நீடிக்கும். சில விளைவுகள் ஒருநாள்வரையும் இருக்கும். ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், புதிய சாரதிகளும் உடலில் கஞ்சாவோடு ஓட்டவே முடியாது. 2018 டிசம்பர் முதல் போதையில் வாகனம் ஓட்டுவது பத்தாண்டுச் சிறைவரை செல்லக்கூடிய பாரிய குற்றமாகிவிட்டது. குடியுரிமை இன்னும் பெறாத ஒருவர் இதனால் நிரந்தர வதிவிட உரிமையையே இழக்க நேரலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கஞ்சா கொடுப்பதற்குப் பதினான்கு ஆண்டுவரை சிறை உண்டு. கஞ்சாவோடு கனடாவின் எல்லையைக் கடப்பதும் குற்றமே. விடுமுறைக்குச் செல்லும் பிள்ளைகளின் பைகளைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனையே தடை. சிங்கப்பூரின் போதைப்பொருட் சட்டங்களோ உலகிலேயே கடுமையானவற்றுள் அடங்கும்.

என்ன செய்யலாம்?

வேப் பாவிப்பவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, விடாத இருமல், காய்ச்சல், வாந்தி ஆகியன வந்தால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன பாவித்தார் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள், கருவியையும் கொண்டுபோங்கள். அடிக்கடி வாந்தி வந்து, சுடுநீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால் அது நெடுநாள் கஞ்சாப் பாவனையின் அறிகுறியாக இருக்கலாம். சிறு குழந்தை தவறுதலாக எண்ணெயை வாயில் வைத்துவிட்டால் நச்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற இலக்கத்தில் அழையுங்கள், மயக்கமுற்றால் 911. ஒன்ராறியோவில் இப்பழக்கத்திலிருந்து விடுபட உதவி தேடுவோர் 1-866-531-2600 இல் கொனெக்ஸ் ஒன்ராறியோவை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

கருவியொன்று கையில் அகப்பட்டால் முதலில் சத்தம் போடாதீர்கள். "இதில் எத்தனை வீதம் ரி.எச்.சி. இருக்கிறது? எங்கே வாங்கினாய்? எப்போதிலிருந்து?" என்று அமைதியாகக் கேளுங்கள். முதலிரு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் பிள்ளை விழித்தால், அங்கிருந்தே உங்கள் பேச்சைத் தொடங்கலாம். தெர்பீன் இயற்கையானதுதான், மல்லியில் இருக்கிறது, மிளகில் இருக்கிறது என்று அவர் சொன்னால், ஆம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதன் பின், அதை நாம் சட்டியில் போடுகிறோம், நெஞ்சுக்குள் போடுவதில்லை என்று சொல்லுங்கள்.